பிளக்கில் பொறி வருகிறது, வண்டி ஏன் மிஸ் ஆகிறது?

பழைய புல்லட் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு வயர்களை வெட்டி, வெட்டிய முகங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பேட்டரி வயர் ஏறக்குறைய முழுக்கச் செம்பு. அதன்மேல் மெல்லிய உறை. பிளக்குக்குப் போகும் வயர் அப்படியே தலைகீழ். வெளிவிட்டம் 7 மில்லிமீட்டர் இருக்கும். நடுவில் ஓடும் செம்பு இழைகளை எல்லாம் சேர்த்து முறுக்கினாலும் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. மிச்சம் முழுவதும் ரப்பரோ பிளாஸ்டிக்கோதான்.

இரண்டும் வயர்தான், ஆனால் வேலை வேறு. பேட்டரி வயர் நிறைய ஆம்பியரைச் சுமக்க வேண்டும்; அதற்குச் செம்பு வேண்டும். பிளக் வயரில், பொறி எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஓடுவது சுமார் 50 மில்லி ஆம்பியர். அதற்குத் தலைமுடி அளவு செம்பே போதும். ஆனால் அந்தச் செம்பில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் வோல்ட் ஏறி நிற்கிறது. பக்கத்திலேயே சட்டம், என்ஜின் என்று எங்கு பார்த்தாலும் எர்த். அந்த வோல்ட் வழியில் எங்கும் தப்பித்துப் போகாமல் பிளக் முனை வரை போய்ச் சேர வேண்டும். ஆகவே பிளக் வயரில் விலைமதிப்புள்ள பகுதி செம்பு அல்ல, அதைச் சுற்றியிருக்கும் உறை. பழைய வண்டிகளில் கெட்டுப்போவதும் அந்த உறைதான்.

அது கெட்டால் வண்டி உடனே நின்றுவிடாது. அதனால்தான் இந்தக் கோளாறு பலரை மாதக்கணக்கில் அலைய வைக்கிறது. காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும். ஊருக்குள் நாற்பதில் போனால் ஒரு குறையும் தெரியாது. பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஏற்காடு மலையில் ஏறும்போது, ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வண்டி திக்கும், சைலன்சரில் வெடிக்கும், இழுவை போகும். மழையில் இன்னும் மோசமாகும். மெக்கானிக் பிளக்கைக் கழற்றுவார், கேப்பில் செருகி சிலிண்டர் ஹெட்டின்மேல் படுக்க வைப்பார், கிக்கரை மிதிப்பார். பளிச்சென்று நீலப் பொறி வரும். "கரண்ட் நல்லா இருக்கு, கார்ப்பரேட்டரைப் பார்க்கணும்" என்பார். ஜெட் மாறும், ஊசி மாறும், பெட்ரோல் வடிகட்டி மாறும். மலை ஏறினால் மறுபடியும் அதே கதை.

ஹெட்டின்மேல் படுத்துக்கொண்டு அடிக்கும் அந்தப் பொறி, பிளக் வயரைப் பற்றி அனேகமாக எதையும் சொல்வதில்லை. அது ஏன் என்பதற்கு நல்ல இயற்பியல் விடை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் வயரை எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பதும் தானாகத் தெளிந்துவிடும்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த என்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டுகளைச் செய்தது. அவற்றில் மின்பொறி அமைப்பு மிக எளிது: பேட்டரி, பிளாட்டினம் பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக் வயர், பிளக். காயிலுக்குள் ஒரே இரும்பு உள்ளகத்தின்மேல் இரண்டு சுற்றுகள். ஒன்று தடித்த கம்பியில் சில நூறு சுற்று; மற்றொன்று மெல்லிய கம்பியில் அதைப்போல் சுமார் நூறு மடங்கு சுற்று. பாயிண்ட் மூடியிருக்கும்போது முதல் சுற்றில் மூன்று, நான்கு ஆம்பியர் ஓடி, உள்ளகத்தில் காந்தப்புலம் நிரம்புகிறது. பாயிண்ட் திறந்ததும் மின்னோட்டம் அறுகிறது, காந்தப்புலம் சரிகிறது. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டது இதைத்தான். எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு அழுத்தம். முதல் சுற்றிலேயே இருநூறு, முந்நூறு வோல்ட் எழும். இரண்டாவது சுற்றில் அது நூறு மடங்காகி இருபதாயிரத்தைத் தாண்டக்கூடிய நிலைக்கு வரும்.

இந்தக் காயிலின் மூதாதையை அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாதிரியார் நிக்கோலஸ் காலன் 1836-இல் செய்தார். பாயிண்டுக்குப் பக்கத்தில் கண்டென்சரைச் சேர்த்தால் பாயிண்டில் வீணாகும் பொறி குறைந்து காந்தப்புலம் சட்டென்று சரியும் என்று காட்டியவர் பிரான்சின் ஃபிஸோ, 1853-இல். இதை பேட்டரியோடு இணைத்து மோட்டார் வாகனத்தில் நிலைநிறுத்தியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங், 1910-ஐ ஒட்டி. பழைய புல்லட்டில் இருப்பது ஏறத்தாழ அதே அமைப்பு.

புல்லட் ஓட்டுபவர்கள் இதில் பாதியைத் தினமும் கண்ணால் பார்க்கிறார்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கினால், ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்ப் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்து நின்று, ஓர் இடத்தில் டக்கென்று நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது என்று பொருள். டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டு, ஒரே மிதி. அந்த முள் காட்டுவது முதல் சுற்றின் கதையை மட்டும்தான். காயிலின் மறுபக்கம், பிளக் வயருக்குள் என்ன நடக்கிறது என்று காட்ட வண்டியில் எந்த மீட்டரும் கிடையாது.

காயில் இருபதாயிரம் வோல்ட் தரும் என்பதால் ஒவ்வொரு பொறிக்கும் இருபதாயிரம் எழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அழுத்தம் பூஜ்ஜியத்திலிருந்து ஏறத் தொடங்குகிறது. பிளக்கின் இடைவெளி எந்த அளவில் உடைகிறதோ அந்த அளவில் ஏற்றம் நின்றுவிடுகிறது. கண்மாயில் நீர்மட்டம் ஏற ஏற, கரையில் எந்த இடம் பலவீனமோ அங்கேதான் உடைப்பெடுக்கும். அதற்குமேல் மட்டம் ஏறாது. பிளக் முனைதான் பலவீனமான இடமாக இருக்கும்வரை எல்லாம் சரி. பிளக்கைவிடப் பலவீனமான இடம் ஒன்று வயரில் இருந்தால், பொறி அங்கே போய்விடும்.

பிளக் இடைவெளி உடைய எத்தனை வோல்ட் வேண்டும்? ஜெர்மானிய இயற்பியலர் ஃபிரீட்ரிஷ் பாஷன் 1889-இல் வெளியிட்ட விதி இங்கே உதவுகிறது. ஒரு வாயுவில் பொறி தாவத் தேவையான மின்னழுத்தம், இடைவெளியையும் வாயுவின் அடர்த்தியையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. காரணம் எளிது. மின்புலத்தில் ஓடும் எலக்ட்ரான் ஒரு மூலக்கூறில் மோதி இன்னொரு எலக்ட்ரானை உதிர்க்க வேண்டுமானால், மோதுவதற்குமுன் போதிய வேகம் எடுத்திருக்க வேண்டும். மூலக்கூறுகள் நெருங்கியிருந்தால் வேகம் எடுக்கும் முன்பே மோதிவிடும். ஆகவே இன்னும் வலுவான புலம் தேவை.

இப்போது கணக்கைப் போடலாம். பிளக் இடைவெளி அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றில், ஹெட்டின்மேல் படுத்திருக்கும்போது, அது உடைய இரண்டாயிரத்து ஐந்நூறு வோல்ட் போதும். என்ஜினுக்குள், ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து ஓட்டும்போது சிலிண்டர் பாதிகூட நிரம்புவதில்லை. பொறி விழும் தறுவாயில் உள்ளே இருக்கும் கலவையின் அடர்த்தி வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்கு இருக்கலாம். வெளிக்காற்றில் 1 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமம்: சுமார் நாலாயிரம் வோல்ட். மலை ஏறும்போது முழுக்கத் திறந்தால் சிலிண்டர் நிறைய நிரம்பும். அடர்த்தி ஆறு மடங்கை நெருங்கும். இப்போது வெளிக்காற்றில் 3 மில்லிமீட்டர் தாவுவதற்குச் சமம். பத்தாயிரம் வோல்ட் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி 0.8 மில்லிமீட்டர் ஆகியிருந்தால் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். பிளக் முனையின் கூர்மை, சூடு ஆகியவற்றால் இந்த எண்கள் முன்பின் ஆகும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் இதுதான்.

ஏழாயிரம் வோல்ட் வரை தாங்கி அதற்குமேல் ஒழுகும் வயரை நினைத்துப் பாருங்கள். ஹெட்டின்மேல் வைத்த சோதனையில் அது நூற்றுக்கு நூறு வாங்கும். ஊருக்குள் ஓட்டினால் தேறும். மலையில் மட்டும் தோற்கும். நல்ல பொறி காட்டிய வயர் பாரம் ஏறியதும் மிஸ் ஆவதற்கு வேறு விளக்கமே வேண்டாம். புதுப் பிளக் போட்டதும் சில வாரம் வண்டி சரியாக ஓடி, பிறகு பழையபடி ஆவதும் இதனால்தான்: புதுப் பிளக்கின் இடைவெளி சிறியது, தேவைப்படும் வோல்ட் குறைவு, வயரின் கோளாறு கொஞ்ச நாள் ஒளிந்துகொள்கிறது.

மல்டிமீட்டரும் இங்கே கைகொடுக்காது. ஒரு சிறு பேட்டரியின் சில வோல்ட்டை வைத்து அது அளக்கிறது. செம்பு இழை அறுந்திருந்தால் சொல்லும். உறை பத்தாயிரம் வோல்ட்டைத் தாங்குமா என்று அதனால் சொல்ல முடியாது. பழைய மெக்கானிக்குகள் செய்யும் ஒரு சோதனை இதைவிட நல்லது: வயரின் நுனியை என்ஜினிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பொறி தாவுகிறதா என்று பார்ப்பது. பாஷன் விதியின்படி, சிலிண்டருக்குள் இருக்கும் கடினமான நிலைமையைத் திறந்த வெளியில் கொண்டுவந்து வைப்பதற்கு அது சமம். வெறும் கையால் பிடிக்காமல் காப்புள்ள இடுக்கியால் பிடிக்க வேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்திலும், பிளக் கழன்ற ஓட்டைக்கு அருகிலும் செய்யக் கூடாது. பத்து, பதினைந்து மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். வெளியே தாவ வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் காயிலின் உள்காப்பையே துளைத்துவிடும்.

உறை ஏன் தளர்கிறது? ரப்பர் ஒரு மில்லிமீட்டருக்கு இருபதாயிரம் வோல்ட் அளவு தாங்கும். கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கும்போது பயமே இருக்கக் கூடாது. ஆனால் வயர் சட்டத்தை உரசியபடி போகும் இடத்தைக் கவனியுங்கள். வட்டமான வயருக்கும் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய காற்று இடுக்கு உண்டு. ரப்பரும் காற்றும் அடுத்தடுத்து இருந்தால் மின்புலம் சமமாகப் பங்கிடப்படாது. காற்றில் ஏறக்குறைய மூன்று மடங்கு வலுவாக விழும். காற்றோ மில்லிமீட்டருக்கு மூவாயிரம் வோல்ட்டிலேயே உடையும். எனவே உறை முழுசாக இருக்கும்போதே அந்த இடுக்கில் காற்று மட்டும் உடைந்து மங்கலாக ஒளிரும். அந்த ஒளிர்வு காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக்கும். இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் குறிபார்த்து அறுக்கும். வளைந்து இழுபட்டிருக்கும் இடத்தில், வளைவுக்குக் குறுக்காக, மெல்லிய வெடிப்புகள் வரிசையாகத் தோன்றும். பழைய வயரை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பிடித்தால் இவை தெரியும். பிறகு என்ஜின் சூடும் எண்ணெயும் மழைநீரும் அந்த வெடிப்பை ஆழமாக்கும். ஒருமுறை அதன் வழியே பொறி பாய்ந்துவிட்டால், எரிந்த கரித்தடம் அடுத்த பொறிக்கு வழி போட்டுக் கொடுத்துவிடும்.

இதைப் பார்க்க எளிய வழி இருட்டு. ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் என்ஜினை ஓடவிட்டு வயரை உற்றுப் பாருங்கள். தெளிப்பானால் வயர்மேல் கொஞ்சம் தண்ணீர்ப் புகை அடித்தால் இன்னும் துலங்கும். கெட்ட வயரில், சட்டத்தை நெருங்கும் இடத்திலும் கேப்பின் கழுத்திலும் நீலமாக ஏதோ நெளியும். சில சமயம் மின்மோட்டாரின் அருகே வருவது போன்ற அந்தக் காரமான ஓசோன் வாசமும் அடிக்கும். கையால் தொடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

இனி எந்த வயரை வாங்குவது என்ற கேள்வி. சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையிலோ கேட்டால் செம்பு இழை வயரும் கிடைக்கும், கார்களுக்கான கரி இழை வயரும் கிடைக்கும். கரி இழை ஏன் வந்தது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880-களின் பிற்பகுதியில் கார்ல்ஸ்ரூவேயில் ரேடியோ அலைகளை முதன்முதலாக உண்டாக்கிக் காட்டியது, ஒரு தூண்டுகாயிலையும் பொறி இடைவெளியையும் வைத்துத்தான். புல்லட்டில் இருப்பதும் அதே இரண்டு பொருள்கள். நடுவில் இருக்கும் வயர் ஆன்டெனாவாகிவிடுகிறது. வண்டி நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 25 பொறி, நொடிக்கு 25 ரேடியோ வெடிப்பு. 1980-களில் தெருவில் ஒரு பைக் போனால் வீட்டு டிவியில் தூர்தர்ஷன் படம் புள்ளி புள்ளியாகச் சிதறியதும், ரேடியோ கரகரத்ததும் இதனால்தான். வழியில் சில ஆயிரம் ஓம் தடை வைத்தால் அந்த அதிர்வு அடங்கிவிடும். கார்களில் அந்தத் தடையை வயரிலேயே வைத்தார்கள். பைக்குகளில் கேப்பில் வைத்தார்கள், பொதுவாக 5000 ஓம்.

தடை வைத்த கேப் போட்டால் பொறி பலவீனமாகும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. பொறி தாவும்வரை வயரில் மின்னோட்டமே கிட்டத்தட்ட இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் தடை எவ்வளவு இருந்தாலும் அழுத்தம் குறையாது. தாவியபின் 50 மில்லி ஆம்பியர் ஓடும்போது 5000 ஓம் விழுங்குவது 250 வோல்ட். பத்தாயிரம் எழுப்பத் தெரிந்த காயிலுக்கு இது பொருட்டே அல்ல. தடை உள்ள கேப்பைத் தயங்காமல் போடலாம்.

ஆனால் வயர் செம்பாக இருக்கட்டும். பைக் கேப்பின் உள்ளே ஒரு திருகாணி முனை உண்டு; வயரின் நடுவில் அது திருகிக்கொண்டு இறங்கும். செம்பு இழைகள் அதைக் கவ்விக்கொள்ளும். கரி இழையைத் திருகாணி மென்று பொடியாக்கிவிடும். அடுத்த மாதமே உள்ளே ஓர் இடைவெளி உண்டாகி அங்கே பொறி அடிக்கத் தொடங்கும். உறையில் சிலிக்கான் கிடைத்தால் நல்லது: சூட்டையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். கூரான விளிம்பில் உரசினால் மட்டும் சுலபமாகக் கிழியும்.

வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். என்ஜின் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள், பெட்ரோல் குழாயை மூடி, தேவைப்பட்டால் டேங்கை இறக்குங்கள். கேப்பை வயரைப் பிடித்து இழுக்காமல் கேப்பையே பிடித்து, லேசாகத் திருகி எடுங்கள். கேப் வயரிலிருந்து இடஞ்சுழியாகக் கழலும். பெரும்பாலும் இங்கேயே நோய் தெரிந்துவிடும்: வயரின் நுனியில் செம்பு பச்சை பூத்திருக்கும். கேப்புக்குள் புகுந்த மழைநீர் இழைகளுக்கு நடுவே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உறை இளமையாக இருந்து நுனி மட்டும் பச்சையாக இருந்தால், ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் கேப்பைத் திருகினால் போதும். புது வயருக்கு அவசியமில்லை.

காயில் முனைதான் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் வயர் நுனிக்கு ஒரு பித்தளை முனை கவ்வி, காயிலின் குழிக்குள் செருகி, மேலே ரப்பர் தொப்பி. சிலவற்றில் மரையுள்ள மூடி: வயரை மூடிக்குள் நுழைத்து, பித்தளை வாஷரின் துளை வழியே செம்பு இழைகளை எடுத்து, பூ விரித்தாற்போல் வாஷர்மேல் மடித்து, மூடியை இறுக்க வேண்டும். ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கூரான இழை நுனியில் மின்புலம் குவிந்து அங்கிருந்தே ஒழுக்கு தொடங்கும். பிற்காலத்திய சதுரக் காயில்களில் வயர் காயிலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். அவற்றை நோண்டுவதைவிடக் காயிலோடு மாற்றிவிடுவது உத்தமம். புது வயரைப் பழையதன் நீளத்துக்கே வெட்டுங்கள். இரண்டு முனைகளிலும் ரப்பருக்குள் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் தண்ணீர் நுழையாது.

வயரைப் போட்ட பிறகு அதை எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். அழகாக இருக்கிறதென்று சட்டத்தோடு சேர்த்து டை போட்டுக் கட்டினால், மேலே சொன்ன காற்று இடுக்கை நாமே உண்டாக்கிக் கொடுக்கிறோம். சட்டத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டராவது தள்ளி, சிலிண்டர் துடுப்புகளின் சூடு படாமல், ஹாரன் வயர், லைட் வயரோடு ஒட்டி ஓடாமல், காற்றில் தொங்கவிடுங்கள். கேப்புக்குச் சற்று முன்னால் வயர் கீழே தாழ்ந்து மேலே ஏறுமாறு விட்டால், வயர் வழியே வழியும் மழைநீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும், கேப்புக்குள் போகாது.

காயிலைக் கழற்றியிருந்தால் கடைசியாக ஒன்று. அதன் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றிப் போட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், அதனால் தவறு தெரியாது. ஆனால் பிளக்கின் நடுமுனை நெகட்டிவாக இருக்கும்படிதான் காயில் அமைக்கப்பட்டிருக்கிறது. என்ஜின் ஓடும்போது அந்த நடுமுனைதான் அதிகச் சூடு; சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் சுலபமாகக் கிளம்பும். வயர்கள் மாறிப் போனால் குளிர்ந்த பக்க முனையிலிருந்து அவை கிளம்ப வேண்டியிருக்கும். அதே இடைவெளியைத் தாண்டக் கணிசமாக அதிக வோல்ட் தேவைப்படும். புது வயர் அந்தச் சுமையையும் வீணாகச் சுமக்கும். நெகட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் + முனை சாவிப் பக்கமும் − முனை பாயிண்ட் பக்கமும் போக வேண்டும். ஆதியில் பாசிட்டிவ் எர்த்தாக இருந்த மிகப் பழைய வண்டிகளில் இது நேர்மாறு. அவற்றை 12 வோல்ட்டுக்கு மாற்றியவர்கள் எர்த்தையும் மாற்றிவிட்டு, காயில் முனைகளை அப்படியே விட்டிருப்பதும் உண்டு. டேங்கை மேலே ஏற்றுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.